குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுப்பது ஏன் இத்தனை கடினம்?

அமெரிக்கக் கால்பந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் குவார்ட்டர்பேக்கின் கைக்குப் பந்து வருவதில்தான் தொடங்குகிறது. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பதை அவர் சில விநாடிகளில் முடிவுசெய்ய வேண்டும். கல்லூரிகளில் ஆடி வளரும் இத்தகையவர்களை என்எஃப்எல் தொடரின் 32 அணிகளும் ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்கின்றன. ஐபிஎல் ஏலம் போல அங்கே பணப் போட்டி கிடையாது. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வரிசையில் தங்கள் இடத்தை அணிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளலாம். மொத்தம் 7 சுற்றுகள்.

மதிப்பீட்டின் அடித்தளம் ஆட்டப் பதிவுகள். களத்திலுள்ள 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த காட்சிகளைத் தேர்வாளர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அவர்கள் கவனிப்பது பந்து போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டுமல்ல. எதிரணியினர் பாய்ந்து வரும்போது குவார்ட்டர்பேக்கின் கால்கள் நிலைகொள்கின்றனவா, பதறி ஓடுகின்றனவா? பந்தைப் பிடிக்க வேண்டிய முதல் ரிசீவர் அடைபட்டுவிட்டால் கண் இரண்டாமவரையும் மூன்றாமவரையும் தேடுகிறதா? ஒருவரையே வெறித்துப் பார்த்தால், பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர் அந்தப் பார்வையைப் படித்தே பந்தைப் பறித்துவிடுவார். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து சேரப்போகும் இடத்துக்குப் பந்தை எறிகிறாரா என்பதும் முக்கியம். கல்லூரியில் ரிசீவரைச் சுற்றிப் பெரும்பாலும் நிறைய இடம் இருக்கும். என்எஃப்எல்லில் அது ஓரிரு அடிகளாகச் சுருங்கிவிடும்.

இதனால் கல்லூரிப் புள்ளிவிவரங்களை அப்படியே நம்ப முடியாது. வலுவான கல்லூரியில் முன்வரிசை வீரர்கள் தரும் பாதுகாப்பில் நிதானமாக எறிந்தவரும், பலவீனமான அணியில் ஒவ்வொரு முறையும் அடிபட்டவரும் எண்களில் சமமாகத் தெரியலாம்.

அடுத்தது இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் எனும் சோதனை முகாம். உயரம், எடை, விரித்த கையின் அகலம், 40 கெஜ ஓட்டம் எல்லாம் அங்கே அளக்கப்படுகின்றன. அளக்க எளிது என்பதாலேயே இவை தகுதிக்கு மீறிய மதிப்பைப் பெறுகின்றன. 2000-ல் டாம் பிராடி அந்த 40 கெஜத்தை 5.28 விநாடியில் ஓடினார். மிக மந்தமான ஓட்டம். 199-வது ஆளாகத் தேர்வான அவர் சூப்பர் பவுல் எனும் இறுதிப்போட்டியை 7 முறை வென்றார். 2007-ல் அசாத்தியமான எறிதல் வலிமைக்காக முதல் ஆளாகத் தேர்வான ஜமார்கஸ் ரஸ்ஸலை ஓக்லாந்து ரெய்டர்ஸ் மூன்றே பருவங்களில் விடுவித்தது.

எழுத்துத் தேர்வும் இருந்தது. வொண்டர்லிக் எனப்படும் அதில் 12 நிமிடங்களில் 50 கேள்விகள். 2022-ல் கம்பைனிலிருந்து அது நீக்கப்பட்டது. அதைவிடப் பயனுள்ளது நேர்காணல். ஒரு நகர்வைப் பலகையில் வரைந்து சொல்லிக்கொடுத்து, வேறு பேச்சுக்குப் போய்விட்டு, பிறகு அதைத் திரும்ப வரையச் சொல்வார்கள். இந்த நினைவாற்றல் களத்திலும் தேவை: தொழில்முறை ஆட்டத்தில் பயிற்சியாளர் தலைக்கவச வானொலி வழியே நகர்வைச் சொல்வார். கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சும்போது இணைப்பு துண்டிக்கப்படும். அதன்பின் எதிரணியின் அமைப்பைப் படித்து மாற்றம் செய்வது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு.

இத்தனை சோதனைக்குப் பிறகும் கணிப்பு எவ்வளவு தடுமாறும் என்பதற்கு 2018 நல்ல சான்று. அவ்வாண்டு முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள்: பேக்கர் மேஃபீல்ட் 1, சாம் டார்னால்ட் 3, ஜோஷ் ஆலன் 7, ஜோஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. ஜாக்சன் பந்து பிடிப்பவராக மாறிவிடலாம் என்றுகூடச் சிலர் யோசனை சொன்னார்கள். அவர் 2019, 2023 பருவங்களின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். கல்லூரியில் ஆலன் எறிந்தவற்றில் 56 சதவீதமே இலக்கை எட்டின. அவரைத் தேர்ந்தெடுத்த பஃபலோ அணி பொறுமையாகப் பயிற்சி தந்தது. 2020-ல் அது 69 சதவீதமாக உயர்ந்தது. 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது.

திறமையை எடைபோடுவதோடு, அது போய்ச் சேரும் இடத்தையும் எடைபோட வேண்டியிருக்கிறது. ரோசனைத் தேர்ந்தெடுத்த அரிசோனா, ஒரே பருவத்தில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது; மறு ஆண்டே கைலர் மரேயை முதல் ஆளாக எடுத்துக்கொண்டு ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டது.