மண் காத்த மாளிகை

களிமண்ணால் வீடு கட்டி விளையாடாத பிள்ளை உண்டோ? சீன நாட்டில் ஹான் மரபினர் காலத்துக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் வீடுகளைப் படத்தில் முதன்முதல் கண்டபோது, அவற்றையும் விளையாட்டுப் பொருள்கள் என்றே எண்ணினேன். அவ்வெண்ணம் பிழையென்று பின்னர் உணர்ந்தேன்.

ஹான் மரபு கி.மு. 206-இல் தோன்றி, கி.பி. 220-இல் முடிவுற்றது. இறந்தவர் மறுமையிலும் குறைவின்றி வாழ்தல் வேண்டுமென விரும்பிய அக்கால மக்கள், வீடு, களஞ்சியம், கிணறு, அடுப்பு, பன்றிக்கொட்டில் முதலியவற்றை மண்ணால் செய்து கல்லறையில் வைத்தனர். குயவர் களிமண்ணைத் தகடுகளாக்கிச் சுவர்களாக இணைத்து, கூரையில் ஓட்டு வரிசைகளையும் காட்டிச் சூளையில் சுட்டனர். சிலவற்றிற்கு ஈயம் கலந்த பச்சை மெருகிட்டனர். ஹெனான் மாநிலத்து ஜியாவோசுவோவில் கிடைத்த ஏழு நிலைக் களஞ்சிய மாடம் ஆளுயரத்தையும் மிஞ்சுவது.

இவற்றின் அருமை யாது? ஹான் காலத்து மர மாளிகைகளுள் ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. தீயும் போரும் காலமும் அவற்றை உண்டுவிட்டன. சீனத்தில் இன்றுள்ள மிகப் பழைய மரக் கட்டடமாகிய நான்சான் ஆலய மண்டபம் கி.பி. 782-இல் எழுந்தது. இடையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வெற்றிடம்! ஹான் காலத் தச்சர் தூண்மீது போதிகைகளை அடுக்கிக் கூரையைத் தாங்கிய முறையை, கல்லில் செதுக்கிய சிற்பங்களோடு இம்மண் மாதிரிகளே நமக்குக் காட்டுகின்றன. இவற்றின் அளவுகள் துல்லியமானவை அல்ல. ஆயினும் அமைப்பு விளங்குகிறது.

மாணவ நண்பர்களே, பொருட்காட்சிசாலையில் மண்பாண்டங்களின் அருகே சற்று நில்லுங்கள். பெயர் தெரியாத குயவன் ஒருவன் அங்கே உங்களுக்கு வரலாறு சொல்லக் காத்திருக்கிறான்.