நீரில் இறங்கும் முன்

2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தை அடுத்த கெடிலம் ஆற்றில், தடுப்பணையருகே குளிக்கச் சென்ற பெண்கள் எழுவர் மூழ்கி உயிர் நீத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுமியர். முதலில் ஆழத்திற் சிக்கியோர் ஓரிருவரே. அவர்களை மீட்கச் சென்ற ஏனையோரும் மூழ்கினர் என அன்றைய செய்திகள் கூறின.

நீரில் மூழ்கி இறந்தோர்க்கு ஷஹீதின் பதவி உண்டென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை நாம் அறிவோம். மையித்து வீட்டில் அதனைச் சொல்லி ஆறுதல் கூறுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அவ்வாறுதல் வேண்டியதே. ஆயினும் நீச்சல் கற்பிக்காத நமக்கு அது சாக்காகி விடலாமா? பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டு மக்களுக்கு எழுதியதாக அறிஞர்கள் கூறுவர். (இதனை நபிமொழியென்றே சொல்வாரும் உளர், அது உமர் (ரலி) அவர்களின் கூற்றென்பதே அறிஞர் கருத்து.)

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நீருக்குக் குறைவில்லை. பரவனாற்று நீரைத் தேக்கும் பெருமாள் ஏரி உண்டு. வாய்க்கால்களும் வயற்கிணறுகளும் உண்டு. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகிற் கட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் எப்படியோ நீந்தக் கற்று வந்தனர். பெண்பிள்ளைகளின் நிலை யாது? மறைவிடம் இல்லையென்று சொல்லி அவர்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டோம். கெடிலத்தில் மாண்ட எழுவரும் பெண்களே என்பதை எண்ணிப் பாருங்கள். படிக்கட்டுள்ள கிணற்றில், உடல் மறைக்கும் ஆடையுடன், நீந்தத் தெரிந்த தாயோ மூத்தாளோ உடன் இறங்க, இடுப்பிற் கட்டிய கயிற்றை மற்றொருவர் மேலே பிடித்திருக்க, அவர்களும் கற்கலாமே!

தடுப்பணையின் கீழ்ப்புறம் எப்போதும் ஐயத்திற்குரியது. விழும் நீர் அடிமணலை அரித்துக் குழியாக்கும்; மணல் அள்ளிய பள்ளங்களும் சேர்ந்துகொள்ளும். முழங்கால் நீரென நம்பி வைக்கும் அடுத்த அடியில் கால் நிலைகொள்ளாத மடு இருக்கும். திறந்த மதகின் வாயோ ஆளையே இழுக்கும்.

ஒருவர் தத்தளிக்கக் கண்டால் உடனே குதிக்கத் தோன்றும். அதுவே பேரிடர். மூழ்குபவர் கைக்கு அகப்பட்டவரை இறுகப் பற்றி உடன் அமிழ்த்திவிடுவார். தேர்ந்த நீச்சல்காரரும் இதற்குத் தப்புவதரிது. கரையிலேயே நின்று கூவி ஆள் சேர்க்க வேண்டும். நீண்ட கழியை நீட்டலாம், கயிறு வீசலாம், வாய் இறுக மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கேனை எறியலாம். எதுவுமில்லையேல் சேலையின் ஒரு தலைப்பைக் கையிற் சுற்றிக்கொண்டு மறுதலைப்பை வீசலாம். குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலிகள் இரண்டை முடிந்தாலும் ஓர் உயிரை இழுக்கப் போதும். இழுப்பவர் குப்புறப் படுத்துக்கொள்ளல் நலம். நின்று இழுத்தால் தாமும் சரிய நேரும்.

கரையேற்றிய பின்னர் நம்மவர் செய்யும் பிழையொன்றுண்டு. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவர்; வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வர். இதனால் விலைமதிப்பற்ற கணங்கள் வீணாவதுடன், வயிற்றிலுள்ளது மூச்சுக்குழலிற் புகவும் கூடும். மூச்சில்லையேல் மல்லாத்திக் கிடத்தித் தலையைச் சற்றே பின்சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். பின்னர் மார்பின் நடுவில் 30 முறை விரைந்து அழுத்தி, 2 முறை ஊத வேண்டும். 108 ஊர்தி வரும்வரை, இடையில் மூச்சுத் திரும்பினாலன்றி, இதனை நிறுத்தலாகாது.