அருந்ததிக்குப் பக்கத்தில் அங்கிரசு

மே மாத இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் வடக்குப் பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்த்த அகப்பை போலத் தெரியும். கல்யாணத்தில் காட்டும் அருந்ததி, அதன் காம்பில் வசிட்டரை ஒட்டியிருக்கிறாள். அங்கிருந்து கிண்ணத்தின் பக்கம் ஒரு மீன் தள்ளி வந்தால் அங்கிரசு. வானியலார் இதை அலியோத் என்பார்கள். ஏழு பேரில் பிரகாசமானவர் இவர்தான். அருந்ததியைக் காட்டும் கை இவரையும் ஒருமுறை காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

சுமார் 82 ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் இவருடைய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், குரோமியத்தின் கருங்கோடுகள் ஒருநாள் தடித்திருக்கும், இன்னொரு நாள் மெலிந்திருக்கும். 5.1 நாளில் பழையபடி ஆகிவிடும். குரோமியம் மேற்பரப்பில் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. விண்மீன் சுழலச் சுழல, திட்டுகள் நம் பக்கம் வந்து போகின்றன. கூடவே வெளிச்சமும் ஓரிரு சதவீதம் ஏறி இறங்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

திட்டு எப்படி வந்தது? சூரியனின் மேலடுக்கு உலை போலக் கொதித்துப் புரள்வதால் எல்லாம் கலந்தே இருக்கும். அங்கிரசு சூரியனைவிடச் சூடானவர். ஆனாலும் மேலடுக்கு அசையாமல் கிடக்கிறது. கலக்காமல் வைத்த ரசத்தில் மண்டி அடியில் தங்கும், தெளிவு மேலே நிற்கும் இல்லையா? இங்கும் அப்படித்தான் பிரிகிறது, ஆனால் கனமானது மேலே வருகிறது! உள்ளிருந்து வரும் ஒளியைப் பல நிறங்களில் விழுங்கும் அணுக்களை அந்த ஒளியே மேலே தள்ளுகிறது. அவ்வளவாக விழுங்காத ஹீலியம் கீழே இறங்கிவிடுகிறது. 1970இல் ஜார்ஜ் மிஷோ தந்த விளக்கம் இது. எந்தத் தனிமம் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பதைக் காந்தப்புலம் முடிவு செய்கிறது. அங்கிரசின் காந்த அச்சு, சுழலும் அச்சுக்கு ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்ந்திருக்கிறது.

இத்தனை விசித்திரமும் மேல்தோலில் மட்டும்தான். உள்ளே மற்ற விண்மீன்களைப் போலவே ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் நிறைந்திருக்கின்றன. நிறமாலை தோலைத்தான் காட்டும் என்பதை இவரை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

அங்கிரசிலிருந்து உச்சி வானத்தை நோக்கிக் கையை நீட்டி, ஏறக்குறைய இரண்டு முஷ்டி அகலம் அளந்தால் கோர் கரோலி. இங்கிலாந்து மன்னர் சார்லஸின் இதயம் என்று பொருள். இந்த வகை மாறும் விண்மீன்களுக்கெல்லாம் இதுதான் முன்மாதிரி. யூரோப்பியம், பாதரசம், சிலிக்கன் இதன் தோலில் குவிந்துள்ளன.

அங்கிரசு இன்று காட்டும் முகத்தையே மறுபடி காட்ட ஐந்து நாளும் இரண்டு மணி நேரமும் ஆகும்.