ஒரு கார்பன் குறைந்த கதை

திருவிழாவோ கல்யாணமோ நெருங்கும்போது, மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பெண்கள் சாப்பிடும் மாத்திரை ஒன்று உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘நார்எத்திஸ்டிரோன்’ என்றிருக்கும். வேதியியலில் ‘நார்’ என்ற முன்னொட்டுக்கு, ஒரு கார்பன் குறைந்தது என்று பொருள். மருந்தின் கதை முழுவதும் அந்த ஒற்றை அணுவில் அடங்கியிருக்கிறது.

கருமுட்டை வெளியேறியதும் சினைப்பையில் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கிறது. கருப்பையின் உட்சவ்வைக் கருவுக்குத் தக்கபடி பதப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் சுரப்பு இறங்கும், சவ்வு உதிரும். அந்த இறக்கத்தை உடல் உணராதபடி மாத்திரை ஈடுகட்டுகிறது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வந்துவிடும்.

அப்படியானால் புரோஜெஸ்டிரோனையே கொடுத்துவிடலாமே? 1934இல் ஜெர்மானிய வேதியியலர் பூட்டனான்ட் 50,000 பன்றிகளின் சினைப்பைகளிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 20 மில்லிகிராம்! போதாததற்கு, வாய்வழி உள்ளே போனால் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும்.

1938இல் ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபன் குழுவினர், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுடன் அசிட்டிலினைக் கோத்தார்கள். பட்டறையில் கேஸ் வெல்டிங்குக்கு எரிகிற அதே அசிட்டிலின்தான். பிறந்த பொருளோ பெண் ஹார்மோனின் வேலையைச் செய்தது. கல்லீரலுக்கும் எளிதில் மசியவில்லை. ஆனால் வீரியம் போதவில்லை.

அரிதாகக் கிடைத்த புரோஜெஸ்டிரோனை மலிவாக்க வழி காட்டியது மெக்சிகோ காடு. நம் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த காட்டுக்கிழங்குகளில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வழியை அமெரிக்கரான ரசல் மார்க்கர் கண்டுபிடித்தார். (கிழங்கைத் தின்றால் ஹார்மோன் கிடைக்காது; அந்த மாற்றம் நம் உடலில் நடக்காது.) அவர் பங்கெடுத்துத் தொடங்கிய சின்டெக்ஸ் நிறுவனத்தில், வேதியியலர்கள் ஜெராசி, ரோசன்கிரான்ஸ் ஆகியோரின் வழிகாட்டலில், 1951 அக்டோபர் 15 அன்று 26 வயது லூயிஸ் மிராமோன்டெஸ் நார்எத்திஸ்டிரோனை உருவாக்கினார். இன்ஹோஃபனின் மூலக்கூறுதான், 19ஆம் எண் கார்பன் மட்டும் இல்லை. வீரியம் பல மடங்கு ஏறியது.

அவர்கள் தேடியது மாதவிலக்குக் கோளாறுகளுக்கான மருந்து. ஆனால் இவ்வகை ஹார்மோன்கள் கருமுட்டை வெளியேறுவதையும் தடுத்ததால், 1960இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை வந்தது. குழந்தை எப்போது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதனால் கோடிக்கணக்கான பெண்களின் கைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும் இந்தக் குடும்பம்தான். அதிக உதிரப்போக்கையும் எண்டோமெட்ரியோசிஸ் வலியையும் இவை தணிக்கின்றன. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களின் கருப்பையைப் புற்றுநோயிலிருந்து காப்பதும் இவைதாம்.

ஒரு கார்பன் குறைந்ததற்கே இவ்வளவு மாற்றம் என்றால், இது சாதாரண மாத்திரை அல்ல. இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று வாங்காமல், மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.