சட்டமே இல்லாத நாட்டின் போலீஸ்

கற்பனை தேசத்துக் காவலர்கள் - 9

சென்ற வாரம் தாமஸ் மோரின் உட்டோபியாவில் இருந்தோம். வக்கீல்கள் இல்லாத தீவு, சட்டங்களும் சொற்பம். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ காட்டும் ஓஷியானியாவில் சட்டம் என்பதே கிடையாது. டைரி எழுதாதே என்று எந்தச் சட்டமும் அங்கே சொல்லவில்லை. எழுதி மாட்டினால் மரணம், அல்லது குறைந்தது 25 ஆண்டு உழைப்பு முகாம். எஃப்.ஐ.ஆர். கிடையாது, வாய்தா கிடையாது. பெரும்பாலோர் இரவோடு இரவாகக் காணாமல் போகிறார்கள்.

ஹெலிகாப்டரில் வந்து ஜன்னலுக்குள் எட்டிப்பார்ப்பது சாதாரண ரோந்துப் போலீஸ். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பயமெல்லாம், மனதில் நினைப்பதையே குற்றமாகப் பிடிக்கும் எண்ணப் போலீஸிடம்தான். மக்கள்தொகையில் 85 சதவீதமான பாட்டாளிகளுக்குள் திருட்டும் வழிப்பறியும் நடந்தால் அரசுக்குக் கவலையில்லை. அவர்களில் ஆபத்தானவர் என்று தோன்றுகிறவரை மட்டும் குறித்துவைத்துத் தீர்த்துக்கட்டச் சில உளவாளிகள் போதும்.

அந்த உளவு வேலையின் உச்சம் பழம்பொருள் கடைக்காரர் சாரிங்டன். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, பழைய வெல்வெட் கோட்டு. அவர் கடை மாடியில் நாவலின் நாயகன் கைதாகும்போது கோட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. தலைமுடி கறுப்பு, கண்ணாடி இல்லை, பேச்சுவழக்கே வேறு, வயது 35 இருக்கலாம். ஆளே மாறிப்போகும் அந்தப் பக்கத்தைப் போலீஸ் வேலை தெரிந்தவரால்தான் எழுத முடியும் என்பது என் துணிபு.

ஆர்வெல்லுக்கு அது தெரியும். 1922 முதல் 1927 வரை பர்மாவில் அவர் இம்பீரியல் போலீஸ் அதிகாரி. மாண்டலேயில் பயிற்சி, பெரிய சிறைச்சாலை உள்ள இன்சீனிலும், மோல்மீனிலும் பணி. தூக்குத் தண்டனை பற்றியும் யானையைச் சுட்டது பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இனிமேல்தான். வேலையை உதறியவர் பாரிஸில் எழுத்தாளராகப் போராடிக்கொண்டிருந்த 1929-லேயே பிரிட்டிஷ் உளவுத்துறை அவர் பெயரில் கோப்பு திறந்துவிட்டது. 1950-ல் அவர் இறக்கும்வரை அது மூடப்படவில்லை. 1942-ல், பி.பி.சி.யில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளை அவர் தயாரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பெஷல் பிராஞ்ச் சார்ஜென்ட் ஒருவர் அறிக்கை எழுதுகிறார்: தீவிர கம்யூனிஸ்ட் கருத்துள்ளவர்; இந்திய நண்பர்கள் இவரைக் கம்யூனிஸ்ட் கூட்டங்களில் பார்த்திருக்கிறார்கள்; அலுவலகத்துக்கே நாடோடிக் கலைஞன் போல உடுத்தி வருகிறார். உடையும் சாட்சியாகிவிட்டது! எம்.ஐ.5 அதிகாரிகள் அந்த முடிவை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்பு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2007-ல்.

கண்காணித்தவரே கண்காணிக்கவும்பட்டார். அதனால்தான் ஓஷியானியாவின் போலீஸ் மற்றக் கற்பனை தேசங்களின் போலீஸைவிட நிஜமாக இருக்கிறது.

ஏழு வயது மகளே அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றர் படையைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். அதற்குள் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள்.