சோழியில் அடங்கிய கிரகணம்

சிதம்பரம் நடராசர் கோயில் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் நிற்கிறது என்ற செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அது உண்மையல்ல. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அதுவே முக்கியக் காரணம். சிதம்பரம் தும்பாவிலிருந்து ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆகாயத் தலமான சிதம்பரத்துக்கு இந்த இரவல் பெருமை வேண்டியதில்லை. மெய்யான வானியல் வரலாறு ஒன்று இதே கடற்கரையில், கடலூரைத் தாண்டியதும் வரும் புதுச்சேரியில் நடந்திருக்கிறது.

அதன் நாயகர்களில் ஒருவர் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தீ. சூரியனின் முகத்தை வெள்ளி கடப்பதை பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அந்த நூற்றாண்டில் அதற்குக் கிடைத்தவை இரண்டே வாய்ப்புகள்: 1761, 1769. முதல் வாய்ப்புக்காக 1760இல் கப்பலேறினார். வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் இருந்து துல்லியமாக அளக்க வழியில்லை.

ஏறத்தாழ ஏழாண்டு காத்திருந்து 1768 மார்ச்சில் புதுச்சேரியில் இறங்கினார். ஊர் இடிந்து கிடந்தது. 1758இல் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி தகர்த்திருந்தார். அதற்குப் பதிலடியாக 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடிபாடுகள் மேலேதான் லெ ஜாந்தீயின் வானோக்கு நிலையம் எழுந்தது. அதே ஆங்கிலேயர்கள் சென்னையிலிருந்து அவருக்கு ஒரு நல்ல தொலைநோக்கி அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் பளிச்சென்று அடித்தது.

பெரும்பாலான நூல்கள் இந்தத் துயரத்தோடு அவர் கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் புதுச்சேரியில் அவர் தமிழ்க் கணிதரிடம் மாணவராக உட்கார்ந்ததுதான் நமக்குப் பெரிய செய்தி. எழுதுகோல் இல்லை. சோழிகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைச் சொல்லிக்கொண்டே அவர்கள் கிரகணம் கணித்த வேகம் லெ ஜாந்தீயை அசத்தியது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் கணித்தபோது, விடை உண்மையைவிட 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் பேர்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. கற்றதை அவர் தம் பயண நூலில் விரிவாக எழுதினார்.

அடுத்த சாட்சி ஜான் வாரன். சென்னை வானோக்கு நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர். 1825இல் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் சாமிநாதன் சேஷய்யா தம் கண்முன் கணித்த ஒரு கிரகணத்தைப் பதிந்தார். அந்த ஆண்டு மே 31 இரவு நிகழ்ந்த கிரகணம் அது. தொடக்கமான ஸ்பரிசத்தில் 4 நிமிடம், மத்தியத்தில் 23 நிமிடம், முடிவான மோட்சத்தில் 52 நிமிடம் பிசகியது. இந்தப் பிசகையும் மறைக்காமல் சொல்வதுதான் அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை. வானியல் கோட்பாடு எதுவும் அறியாமல், நினைவாற்றலையும் சோழிகளையும் மட்டுமே கொண்டு அவர் அவ்வளவு நெருங்கிவிட்டார்.

எப்படி முடிந்தது? சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமியை நெருங்கும்போது விரைவு, விலகும்போது மந்தம். ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கத்துக்கு சுமார் 27.55 நாள். அதை ஒன்பதால் பெருக்கினால் 248 நாள், அநேகமாக மிச்சமே இல்லாமல் வரும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 சிறு வாக்கியங்கள். எழுத்துகளுக்குள் எண்களை ஒளித்து, சந்திரன் அன்று நகர்ந்திருக்கும் பாகையைச் சொல்பவை. மனப்பாடம் செய்தவருக்கு வானமே நாவில் இருந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்ததே. 1952இல் ‘தமிழ் வானியல்’ என்ற தலைப்பில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய ஓட்டோ நாய்கெபவர், இதே 248 நாள் சுற்று பாபிலோனிய, கிரேக்கக் கணக்குகளிலும் இருப்பதைக் காட்டினார். கடல் கடந்து கைமாறிய அறிவு இது.

பழைய வாய்பாடு காலப்போக்கில் வானத்தைவிட்டு விலகத்தான் செய்யும். சனி மீன ராசிக்கு வந்தது, இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. எந்தக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகிறது என்பதைத் தொலைநோக்கி சொல்லிவிடும். அதைக் கேட்பதில் மரபுக்கு அவமானம் எதுவும் இல்லை.

2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் இந்தியாவில் தெரியும். ஸ்பரிச, மோட்ச நேரங்களைச் சோழியில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை கணித்து, கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கடலூர், சிதம்பரம் பள்ளிகள் இப்போதே தயாராகலாம். ஊரில் உள்ள பஞ்சாங்கக் கணிதரையும் கல்லூரி இயற்பியல் பேராசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.