மாந்தோப்பில் ஈரம் காத்தல்

கிருஷ்ணகிரி மாவட்டத்துச் செம்மண் நிலங்களில் மா பயிரிடுவோர் பலருக்கு, மாசி பிறந்தவுடன் கிணற்றில் நீர் கீழிறங்குவதே பெருங்கவலை. பிஞ்சு பருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஈரம் போதாவிடில் பிஞ்சுகள் உதிரும்; புதிதாய் நட்ட கன்றுகள் பட்டுப்போதலும் உண்டு. வறண்ட ஆண்டுகளில் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றுவோரும் உளர். அவ்வாறு பெற்ற நீரில் கணிசமான பகுதி வேரைச் சேராமல் வெயிலுக்கே இரையாவதைக் கவனிப்போர் சிலரே.

இளந்தோப்பில் இந்த நஷ்டம் மிகுதி. 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு கன்றுக்கு 100 சதுர மீட்டர் நிலம். இளங்கன்றின் நிழலோ அதில் இரண்டு மூன்று சதுர மீட்டர்தான். கோடையில், நனைந்த மண்ணிலிருந்து ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் நீர் எளிதில் ஆவியாகும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்தில் எடுத்த வட்டப்பாத்திக்கு இது சுமார் 15 லிட்டர். அதாவது ஒரு குடம். ஆகவே தினம் ஒரு குடம் ஊற்றுபவர், அதில் பெரும்பகுதியை ஆகாயத்திற்கே ஊற்றுகிறார். அந்நீர் இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் இறங்குவதுமில்லை.

மேல்மண் ஈரமாயிருக்கும் வரையில்தான் ஆவியாதல் விரைவாக நடக்கும். அது உலர்ந்தபின், உலர்ந்த படலமே மூடிபோல் நின்று கீழுள்ள ஈரத்தைக் காக்கும். ஆதலின் ஏழு நாளைக்குரிய ஏழு குடங்களையும் ஒரே தடவையில் விடுவது மேல். ஈரம் ஏறக்குறைய ஓரடி ஆழம் இறங்கும். நட்டுச் சில வாரங்களே ஆன கன்றுக்கு இம்முறை ஆகாது. அதனருகே, அடியில் துளையிட்டுத் துணித்திரி செருகிய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைக்கலாம். மேல்மண் அதிகம் நனையாமலே வேர் நனையும்.

அடிக்கடி உழுது மேல்மண்ணைப் புழுதியாக்கினால் ஈரம் நிற்கும் என்பது பழைய கொள்கை. நூல்களும் அவ்வாறே போதித்தன. கலிபோர்னியாவில் பழத்தோட்டங்களை ஆராய்ந்த வீமெயர் என்பவர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறு. களையற்ற நிலத்தைக் கொத்துவதால் மிச்சமாகும் நீர் அற்பமே. உழவின் பயன் பெரும்பாலும் களை ஒழிவதில்தான் உள்ளது. வெயில் மேல்மண்ணை உலர்த்துகிறது. களையோ ஆழத்து ஈரத்தையும் வேரால் உறிஞ்சிவிடுகிறது. எனவே களை நீங்க மேலாகக் கொத்தினால் போதும். ஆழ உழுதால் மரத்தின் ஊட்டுவேர்கள் அறுபடும். வெடிப்பு விடும் கரிசலில் மட்டும், வெடிப்பு மூடும்படி கொத்துவது வேறு வகையிலும் பயன் தரும்.

உழவுக்குச் செலவிடும் கூலியை மூடாக்குக்குச் செலவிடுதல் நன்று. வைக்கோல் மாட்டுக்கே போதாத வீடுகளில் நிலக்கடலைத் தோலும் மாஞ்சருகும் உதவும். சருகைக் கூட்டிக் கொளுத்துவது இன்றும் பல தோப்புகளில் காணும் வழக்கம். இதைவிட வீண் வேலை வேறில்லை. நோய் கண்ட இலைகளை மட்டும் விலக்கி, மற்றதைப் பாத்தியில் நான்கு அங்குல கனத்திற்குப் பரப்ப வேண்டும். அடிமரத்தை ஒரு சாண் விட்டே பரப்புக. செம்மண்ணில் கறையான் சேருமாதலால் வாரம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது அவசியம். காய்ந்த மண்மேல் மூடாக்கு இட்டால் சிறுதூறல் சருகிலேயே நின்று உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து களை எடுத்தவுடன், மண் ஈரமாயிருக்கும்போதே இடுக.